வரவும் செலவும் சனிக்கிழமையும்

வருவாய் சிறிதாக இருப்பதனால் மட்டும் கேடு வந்துவிடாது, செலவு அதனை மிஞ்சாதிருந்தால் போதும் என்னும் பொருள்பட வள்ளுவப் பெருந்தகை ஒரு குறள் செய்துள்ளார். ஊரிலே பாடசாலையில் அதனை மனனஞ் செய்து ஒப்புவித்தவர்களில் நாமும் அடங்குவோம். இன்று இல்ஃபோர்டிலே ஒரு குடும்பத்தை நடத்தும் பொறுப்பு வந்தபின் அக்குறளை எண்ணிப் பார்க்கையில் ஓர் ஐயம் எழுகின்றது. செலவை நாமாகப் பெருக்கினால் நாமாகவே சுருக்கிக்கொள்ளலாம். புதிதாக எதனையும் வாங்காமல், புதிதாக எங்கும் போகாமல், சென்ற ஆண்டு வாழ்ந்தவாறே இவ்வாண்டும் வாழும்போது செலவு தானாகவே பெருகினால் என்ன செய்வது? வள்ளுவர் அதனைப் பாடியது அரசனுக்குரிய வலியறிதல் என்னும் அதிகாரத்திலே. அரசனுக்கு வரி விதிக்கும் வசதியேனும் உண்டு. இல்ஃபோர்ட் லேனுக்குப் பின்னாலுள்ள ஒரு தெருவில் வசிக்கும் இல்லறத்தாருக்கு அவ்வசதி இல்லை.

எமது குடும்பம் இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போன்றதொரு சாதாரணக் குடும்பமே. எம்மில் ஒருவர் பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். மற்றவர் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணிபுரிகிறார். பிள்ளைகள் இருவர், மூத்தவள் உயர்நிலைப் பள்ளியிலும் இளையவன் ஆரம்பப் பள்ளியிலும் கற்கின்றனர். அம்மம்மாவும் எம்முடனேயே இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் இப்பள்ளியின் மாணவர்கள் என்பதனாலேயே இம்மலரில் எழுதும் உரிமை எமக்குக் கிடைத்தது. வறுமை என்று சொல்லுமளவுக்கு எமக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. சொந்தமென்று சொல்ல ஒரு வீடு இருக்கிறது. அதன் பெரும்பகுதி இன்னும் வங்கிக்குத்தான் சொந்தம்.

வீடு வாங்கிய நாள்தொட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் வரவு செலவு எழுதி வருகிறோம். ஊரிலே கடைக்காரர்கள் எழுதுவார்களே, அதுபோல இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. 2021ஆம் ஆண்டின் பக்கங்களையும் 2023ஆம் ஆண்டின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எழுதப்பட்ட பொருள்கள் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றின் எதிரிலுள்ள எண்கள் மட்டும் வேறு குடும்பத்தாருடையவை போலத் தோன்றுகின்றன.

முதலில் எரிவாயுவும் மின்சாரமும். ஒரு சராசரிக் குடும்பம் ஆண்டொன்றுக்குச் செலுத்தக்கூடிய தொகையை வைத்து ஒஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு ஓர் உச்ச விலையை அறிவிப்பது வழக்கம். 2021 ஒக்டோபரில் அது 1,277 பவுணாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971 ஆயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் 3,549க்கு ஏறவிருந்த நிலையில் அரசு இடைமறித்து 2,500 பவுண் அளவில் நிறுத்தி, குளிர்காலத்துக்கென 400 பவுண் கழிவும் அளித்தது. உக்ரைன்மீது ரஷ்யா 2022 பெப்ரவரியில் படையெடுத்ததும், அதற்கு முன்னரே எரிவாயு விலை ஏறத் தொடங்கியிருந்ததும் இதன் காரணங்கள் என்பதை வாசகர்கள் அறிவர். இன்று அவ்வுச்சத்திலிருந்து விலை இறங்கியிருந்தாலும் 2021ஆம் ஆண்டின் இடத்துக்கு அது மீளவில்லை. எம்மை வியக்கச் செய்தது வேறொன்று. ஒரு நாள் முழுவதும் ஒரு விளக்கையும் ஏற்றாதிருந்தாலுங்கூட அன்றைக்கென நிலைக்கட்டணம் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். சிக்கனத்துக்கு மதிப்பளிக்காத கட்டணம் இது. வெப்பமூட்டியை நிறுத்திவிட்டு இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்த அம்மம்மாவுக்கு இதனை விளக்கிச் சொல்ல எம்மால் முடியவில்லை.

அடுத்து வீட்டுக் கடன். இதுவே எம்மை உண்மையில் அசைத்தது. 2021ஆம் ஆண்டு வரை இந்நாட்டு வங்கிகளில் இரண்டு வீதத்துக்கும் குறைந்த வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு நிலையான கடன் பெற முடிந்தது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 வீதத்திலிருந்து 2021 டிசம்பரில் ஏறத் தொடங்கி, 2023 ஓகஸ்டில் 5.25 வீதத்தை அடைந்தது. அக்கோடையில் புதுப்பிக்க வந்தவர்களிடம் கேட்கப்பட்ட வட்டி ஆறு வீதத்தையும் தாண்டியது. எண்களில் விருப்பமில்லாதோர் பொறுத்தருள வேண்டும். இக்கணக்கைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. இரண்டரை இலட்சம் பவுண் கடனை 25 ஆண்டுகளில் அடைப்பதாயின், இரண்டு வீத வட்டிக்கு மாதம் ஏறத்தாழ 1,060 பவுண் கட்ட வேண்டும். ஆறு வீதமாயின் 1,610 பவுண். மாதமொன்றுக்கு 550 பவுண் கூடுதல். 2023 ஏப்ரலில் இருந்து நடைமுறையிலிருந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.42 பவுண். 550ஐ அதனால் வகுத்துப் பார்த்தோம். ஐம்பத்து மூன்று மணித்தியாலம். வரி கழிப்பதற்கு முன்னரே மாதத்தில் ஐம்பத்து மூன்று மணித்தியாலம், அதாவது வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், ஒருவர் புதிதாக உழைத்தால்தான் அதே வீட்டில் அதே கூரையின் கீழ் தொடர்ந்து இருக்கலாம்.

அன்றுதொட்டு நாம் எந்த விலையையும் பவுணில் எண்ணுவதை விட்டு மணித்தியாலத்தில் எண்ணப் பழகிவிட்டோம். பிள்ளையின் சப்பாத்து மூன்று மணித்தியாலம். குளிர்கால எரிவாயுப் பட்டியல் இரண்டு இரவுகள்.

ஊதியமும் உயர்ந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. குறைந்தபட்ச ஊதியம் 2021 ஏப்ரலில் 8.91 பவுணாக இருந்து 2025 ஏப்ரலில் 12.21 பவுண் ஆயிற்று. இது சிறு உயர்வன்று. ஆனால் வருமான வரி தொடங்கும் எல்லை 2021 ஏப்ரல் முதல் 12,570 பவுணிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஊதியம் ஏற ஏற அந்த எல்லைக்கு மேலே நிற்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். வலக்கையில் தந்ததில் ஒரு பகுதியை இடக்கை ஓசைப்படாமல் எடுத்துக்கொள்கிறது.

விலைவாசி உயர்வு இந்நாட்டில் 2022 ஒக்டோபரில் 11.1 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களில் அது 2023 மார்ச்சில் 19 வீதத்தையும் தாண்டியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் காணாத அளவு என்றனர். 2024 மே மாதத்தில் இரண்டு வீதத்துக்கு இறங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது அம்மம்மா, "அப்ப இனிச் சாமான் மலிவாகுமே?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். மலியாது. உயர்வின் வேகம் மட்டுமே குறைந்தது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்போர் இவ்வேறுபாட்டைச் சற்று நிறுத்திச் சொன்னால் எத்தனையோ வீடுகளில் வீண் நம்பிக்கை தவிர்க்கப்படும்.

அரிசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உலக அரிசி வணிகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இந்தியாவின் கையில் இருக்கிறது. தன் மக்களுக்கு விலை ஏறாதிருக்கும் பொருட்டு அந்நாடு 2023 ஜூலை 20ஆம் நாள் பாசுமதி அல்லாத வெள்ளைப் பச்சை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு இருபது வீத ஏற்றுமதி வரி விதித்தது. 2024 செப்டெம்பரில் அத்தடை நீங்கிற்று. டில்லியில் இடப்பட்ட ஒரு கையொப்பம் ஈஸ்ட்ஹாம் கடைத் தெருவில் அரிசி மூட்டையின்மேல் ஒட்டப்பட்ட விலைச் சீட்டை மாற்றியது. இதில் இந்தியாவைக் குறைகூற எமக்கு மனமில்லை. தன் வீட்டுப் பிள்ளைக்குச் சோறு வைத்த பின்னரே அயலவனுக்கு என்பது எந்தத் தாயும் செய்வது. பிள்ளைகள் அந்நாள்களில் இரவு உணவுக்குப் பாணும் மரக்கறிச் சூப்பும் உண்ணப் பழகினார்கள். அம்மம்மா பழகவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோறும் பிட்டும் உண்டவரை எண்ணிக்கை பார்த்து மாற்றச் சொல்வது அழகன்று என்று விட்டுவிட்டோம்.

மோட்டார் வாகனத்தின் கதை சுருக்கமானது. இல்ஃபோர்ட் நகரம் வடக்கு வட்டச் சாலைக்குக் கிழக்கே, றோடிங் ஆற்றுக்கு இப்புறம் உள்ளது. மனோர் பார்க்கில் உள்ள முருகன் ஆலயமோ அச்சாலைக்கு மேற்கே. புகை மிகுந்த பழைய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் வலயம் 2021 ஒக்டோபரில் அச்சாலைவரை நீட்டப்பட்டபோது, எமது பழைய டீசல் வண்டியில் முருகனைக் காணச் செல்வதானால் 12.50 பவுண் உண்டியலுக்கு வெளியே போயிற்று. 2023 ஓகஸ்ட் 29 முதல் அவ்வலயம் லண்டன் முழுமைக்கும் விரிந்து எமது வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று தூய்மையாவதை நாம் வெறுக்கவில்லை. வண்டியை அழிவுக்குக் கொடுத்து, நகரபிதா அலுவலகத்தின் திட்டத்தில் இரண்டாயிரம் பவுண் பெற்றுக்கொண்டோம். இப்போது ரொம்ஃபோர்ட் வீதி வழியே பேருந்தில் செல்கிறோம்.

கொப்பியின் வலப்பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் நாம் பெயர் எழுதுவதில்லை. ஒரு சிறு கோடு போட்டு அதன் எதிரே தொகையை எழுதுவோம். அது ஊருக்கு அனுப்பும் பணம். புலம்பெயர்ந்து வாழும் எம்மவரில் அநேகர் இரண்டு வீடுகளின் செலவைச் சுமப்பவர்கள். விலைவாசி உயர்வு எம்மை இரண்டு நாடுகளில் ஒரே நேரத்தில் தாக்கிற்று. இலங்கை 2022 ஏப்ரலில் தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பவுண் ஒன்றுக்கு 270 ரூபா அளவில் இருந்த மதிப்பு, நடுப்பகுதிக்குள் 400 ரூபாவைத் தாண்டியது. "உங்களுக்கென்ன, பவுணுக்கு நல்ல காசு வருகுதே" என்று சிலர் வாழ்த்தினார்கள். கணக்கோ வேறு. ரூபா ஒன்றரை மடங்காயிற்று; ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. அக்கா வீட்டில் அதே பருப்பும் அதே பால்மாவும் வாங்குவதற்கு முன்னைவிட அதிக பவுண் அனுப்பவேண்டியிருந்தது. இங்கே எரிவாயுப் பட்டியல் ஏறிய அதே மாதங்களில் அது நேர்ந்தது.

பருத்தித்துறைக்கு அண்மையில் இருக்கும் அக்காவோ தொலைபேசியில் வேறு கதை பேசினார். "தம்பி, அங்கையும் சாமான் விலையெண்டு செய்தியிலை சொல்லுறாங்கள். இந்த மாதம் ஒண்டும் அனுப்பவேண்டாம், எங்களுக்குக் காணும்" என்றார். எரிவாயு உருளைக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு, விறகில் சமைத்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் சொன்னதை நாம் நம்பவில்லை. நாம் இங்கே ஒரு குறையுமில்லை என்று சொன்னதை அவரும் நம்பியிருக்கமாட்டார். அந்த மாதமும் கோட்டின் எதிரே தொகை எழுதப்பட்டது.

இவ்விடத்தில் மூத்தவர்களின் அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றதையும், அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவானதையும் அம்மம்மா இன்றும் சொல்வார். அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்து, கல்வீடு கட்டினார்கள் என்பதையும் மறக்காமல் சேர்ப்பார். ஒருவருக்கு நெருக்கடியான விலை இன்னொருவருக்கு நல்விளைச்சல் ஆனது. பின்னர் 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னைப் போலாயிற்று. சவர்க்காரமும் மின்கலமும் கிடைக்கவில்லை. சிறு போத்தலில் சில துளி எண்ணெய் விட்டுத் திரியிட்ட குப்பி விளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். எம்மில் ஒருவர் அவ்விளக்கில் படித்தவரே.

அந்நாள்களோடு இந்நாள்களை ஒப்பிட்டு, "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்ததோடு எரிவாயுப் பட்டியலை ஒரு தட்டில் வைக்க எவருக்கும் மனம் வராது. ஆயினும் ஒரு வேற்றுமை எமக்குப் புலப்படுகின்றது. அங்கே பொருள் இல்லை, நேரம் இருந்தது. குப்பி விளக்கைச் சுற்றி வீடு முழுவதும் அமர்ந்திருந்தது. பாட்டி கதை சொன்னார். அடுத்த வீட்டாரும் வந்து கேட்டனர். எவருக்கு எது இல்லை என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஒரு வீட்டு முருங்கைக்காய் மறு வீட்டுக்குப் போகும். இங்கே கடைத் தட்டுகள் நிரம்பி வழிகின்றன. வீட்டிலே ஒருவர் வரும்போது மற்றவர் புறப்படுகிறார். அயலிலுள்ள தமிழ்க் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்பது எமக்குத் தெரியாது. எமது நிலை அவர்களுக்குத் தெரியாது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால் உறையில் வைக்கும் தொகையை மட்டும் எவரும் குறைப்பதாக இல்லை. சீட்டுக் கட்டி அதனைக் கொடுப்பவர்களையும் நாம் அறிவோம். நாமும் குறைக்கவில்லை.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். பராமரிப்பு இல்லத்தில் சனிக்கிழமைப் பகல்வேலை நிரந்தரமாகக் கிடைக்கும் என்ற வாய்ப்பு வந்தது. வார இறுதிக்குச் சற்றுக் கூடிய ஊதியம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம். வட்டி விழுங்கிய பன்னிரண்டில் எட்டு. காகிதத்தில் இதைவிட எளிய விடை இருக்க முடியாது. ஆனால் சனிக்கிழமை காலை பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் நேரம். இரவு வேலை முடித்து வருபவர் அப்போதுதான் கண்ணயர்வார். வண்டியும் இல்லை. இரண்டு வாரங்களாக இதனையே பேசிக்கொண்டிருந்தோம், பிள்ளைகள் உறங்கிய பின்னர் தாழ்ந்த குரலில்.

அவர்கள் உறங்கவில்லை போலும். ஒரு மாலை மூத்தவள் சமையலறைக்கு வந்து, தம்பிக்குக் கேளாதவாறு, "நான் இந்த வருசம் தமிழ்ப் பள்ளிக்கூடம் விடட்டா? ஃபீஸும் மிச்சம், அம்மாவுக்கு வேலையும் கிடைக்கும்" என்றாள். மேசைமேல் கிடந்த சீ.ஆர். கொப்பியை அவள் ஏற்கனவே புரட்டிப் பார்த்திருந்தாள். பள்ளிக் கட்டணம் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் மெல்ல அடித்து, பக்கத்தில் மிச்சத் தொகையையும் அழகாகக் கூட்டி வைத்திருந்தாள். பதின்மூன்று வயது. படிப்பில் சோம்பலால் கேட்கிறாளோ என்று முதலில் எண்ணினோம். அப்படியன்று. விழாவில் ஆடவிருந்த நடனத்தையும் விட்டுவிடுவதாகச் சொன்னபோது அவளுடைய உதடு துடித்தது.

அவளுக்கு என்ன மறுமொழி கூறினோம் என்பது அத்தனை முக்கியமன்று. பெற்றோர் வழக்கமாகக் கூறுவதையே கூறினோம். பென்சில் கோட்டை அழிப்பானால் அழித்தவர் அம்மம்மா. அவரே, "என்ரை அறையிலை பிள்ளையளின்ரை மேசையைப் போடுங்கோ, முன்னறையை வாடகைக்குக் குடுங்கோ" என்றும் சொன்னார். அவ்வாறே செய்தோம். பல்கலைக்கழகத்தில் கற்க வந்த ஒரு மாணவர் இப்போது எமது முன்னறையில் தங்கியிருக்கிறார். கடன் தந்த வங்கியின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்வது அவசியம். தாம் வசிக்கும் வீட்டில் அறையொன்றை வாடகைக்கு விடுவோர் ஆண்டுக்கு 7,500 பவுண் வரை வருமான வரியின்றிப் பெறலாம் என்பதையும் அறியாதோர் பொருட்டு இங்கே குறிப்பிடுகிறோம். சனிக்கிழமை வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்கு ஈடாக ஞாயிறு மாலை நான்கு மணித்தியாலம் கிடைத்தது. கணக்கு முற்றாகச் சரிவரவில்லை. மாத முடிவில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் இன்னமும் இருக்கிறது. லண்டனின் அரச ஆரம்பப் பள்ளி மாணவர் அனைவர்க்கும் 2023 செப்டெம்பர் முதல் இலவச மதிய உணவு கிடைப்பதால் மகனின் உணவுச் செலவு அளவுக்கு அப்பள்ளம் தூர்ந்தது.

இப்பள்ளியும் ஒரு குடும்பமே. அதற்கும் ஒரு கொப்பி உண்டு. மண்டப வாடகையும் அச்சுச் செலவும் ஏறியிருப்பதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பிக்கிறார்கள். அவர்களும் தத்தம் வீட்டில் மணித்தியாலங்களை எண்ணிப் பார்த்தே சனிக்கிழமையை இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதை முன்னர் இவ்வளவு துல்லியமாக நாம் உணர்ந்திருக்கவில்லை. இவ்வாண்டு நடனத்துக்குப் புதிய உடை தைக்க வேண்டாமென்று தாய்மார் தமக்குள் பேசி, சென்ற ஆண்டுகளின் உடைகளைக் கொண்டுவந்து குவித்து, பிள்ளைகளின் உயரத்துக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். யாருக்கு எது கடினம் என்று ஒருவரும் கேட்கவில்லை; எல்லோரும் கொண்டுவந்தார்கள். எமது மகள் அணியும் பச்சைப் பாவாடை முன்னர் வேறு இரு பிள்ளைகள் அணிந்தது. அம்மம்மா அதன் கரையை இரண்டு விரற்கடை இறக்கித் தைத்திருக்கிறார்.

இவ்வாண்டுக் கட்டணத்தை இரண்டு தவணைகளாகச் செலுத்தலாம் என நிர்வாகம் அறிவித்துள்ளது. முதல் தவணையைச் செலுத்திவிட்டோம். இரண்டாவதற்கான வரியை மகளே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், இம்முறை மையால்.